தலையசைத்தார் என்று எழுதினேன்

அந்த அம்மா தலையை ஆட்டினாரா, குனிந்தாரா என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடங்கள் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஆட்டினார் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். எழுதிய நாளிலிருந்து தாளில் இருப்பதுதான் எனக்கு ஞாபகமாக இருந்தது. அதற்கு முந்தைய ஒரு விநாடி, கட்டிலருகே உண்மையில் ஏதோ நடந்த விநாடி, எங்கே போனதென்று தெரியவில்லை. இனி நான் சொல்வதில் ஊரும் நேரமும் ஓரளவு சரியாக இருக்கும். அந்த ஒரு விநாடியை மட்டும் என்னிடம் நம்பிக் கேட்க வேண்டாம்.

என் பெயர் கோதைநாயகி. சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்தில் அறுபது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டாக இருந்தேன். வருடத்துக்கு இரண்டு முறை புதிதாக நர்சுகளை எடுப்போம். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்காருவோம். தலைமை டாக்டர் ஹரிப்ரசாத், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட சதீஷ், பிறகு நான்.

சதீஷ் எங்கேயோ படித்த கேள்விகளைக் கேட்பார். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள், உங்கள் பலவீனம் என்ன, பழைய இடத்தை ஏன் விட்டீர்கள். பெண்களும் எங்கேயோ படித்த பதில்களைச் சொல்வார்கள். ஐந்து வருடம் கழித்தும் இதே ஆஸ்பத்திரியில்தான் இருப்போம் என்பார்கள். அதிகமாக உழைப்பதுதான் பலவீனம் என்பார்கள். டாக்டர் மருந்துகளைப் பற்றிக் கேட்பார். எல்லாம் முடிந்த பிறகு நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். ஏழெட்டு வருடமாக அதே கேள்விதான்.

"காய்ச்சல் மயக்கத்துல ஒருத்தர் படுத்திருக்கார். பேச முடியாது. பக்கத்துல அவர் மனைவி மட்டும் இருக்காங்க. ஊசி போடணும். அந்தம்மா புருஷன் பேரைச் சொல்லமாட்டாங்க. நீங்க என்ன செய்வீங்க?"

வெளியூர்ப் பெண்களாக இருந்தால் சிரிப்பார்கள். இந்தக் காலத்திலுமா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டிலேயே அப்படி ஒருவர் இருப்பார்.

அன்று மூன்றாவதாக வந்தவர் ஜெயபாய். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பல ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர். கேள்வியைக் கேட்டதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இது நமக்குத் தெனம் நடக்குறதுதான மேடம். சாமி பேரா, ஊர் பேரான்னு கேப்பேன். சாமி பேருன்னா எந்தச் சாமி, மலை மேல இருக்கவரா, கடல்ல படுத்திருக்கவரான்னு ஒன்னொன்னா கேட்டுக்கிட்டே வருவேன். சரியான பேரு வந்ததும் அந்தம்மா மூஞ்சில ஒரு சிரிப்பு வரும் பாருங்க. அதுல புடிச்சிருவேன்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சிரிக்காத அம்மாவா இருந்தா?" என்று சதீஷ் கேட்டார்.

"நான் கேக்குற விதத்துல சிரிக்காத ஆளு கெடையாது சார்."

சதீஷ் நல்ல மதிப்பெண் போட்டார். நான் என் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். காரணம் எழுதவில்லை.

காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். ஐப்பசி மாதம். காய்ச்சல் காலம். நான்கு கட்டில் போட்ட அறை. முதல் கட்டிலில் கூமாப்பட்டியைச் சேர்ந்த சுந்தரபாண்டியன், மூன்று நாள் காய்ச்சல், அரை மயக்கம். மூன்றாவது கட்டிலில் வ. புதுப்பட்டியைச் சேர்ந்த மாரிச்சாமி, சர்க்கரை நோயாளி, காலில் புண். முதல் கட்டிலுக்கு மேல் இருந்த விசிறி வேகமாகச் சுற்றும். மூன்றாவது கட்டிலின் விசிறி பெயருக்குத்தான். அங்கிருந்த டாக்டர் காலையில் பார்த்துவிட்டுப் போன பிறகு அந்த இரண்டு பேருடைய மனைவிமாரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். ஒருவருக்குக் குளிர், ஒருவருக்கு வியர்வை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் இது சாதாரணம். யாரும் எங்களிடம் கேட்கமாட்டார்கள், நாங்களும் பெரிதாக நினைக்கமாட்டோம்.

பன்னிரண்டரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினோடு நான் உள்ளே போனேன். கையில் ஒரு துண்டுச்சீட்டு. மூன்றாவது கட்டில், இருபது யூனிட். மூன்றாவது கட்டிலில் ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அருகே அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். பேர் என்ன என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு முந்தானையை வாயருகே கொண்டுபோனார். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நானே சொன்னேன். "மாரிச்சாமிதானே?" அந்த அம்மாவின் தலை அசைந்தது. ஊசியைப் போட்டேன்.

கட்டிலின் கால்மாட்டில் ஃபைல் தொங்கியது. கட்டில் மாறும்போது அந்த அம்மா ஃபைலையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சரியாக மாட்டியிருந்தார். சுந்தரபாண்டியன் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு மாரிச்சாமியின் மனைவி வந்து, "ஊசி போடாமலே சோறு குடுத்துட்டேனே, பரவாயில்லையா?" என்று கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஓடினேன். சுந்தரபாண்டியன் தூங்குகிறார் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். சர்க்கரை இருபத்துநான்குக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம். அவர் விழிக்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் இறந்தார்.

அவருடைய அண்ணன் பால்ச்சாமி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நர்சிங் ஹோமுக்கு வந்து நேராகக் கேள்வி கேட்டார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, நடந்ததை எழுதிக் கொடு என்றார். அவரே வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பெயரைச் சொல்லி அவர் மனைவியிடம் கேட்டேன். ஆம் என்று தலையசைத்தார். அதன் பிறகே ஊசி போட்டேன்.' மூன்று வாக்கியங்கள். ஃபைலைப் பற்றி ஒன்றும் இல்லை.

பால்ச்சாமி அதை இரண்டு முறை வாசித்தார். நகல் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் தம்பி மனைவியிடம் பேசும் அவர் குரல் எனக்குக் கேட்டது.

"ஏட்டி, என்ன கேட்டான்னு நீ தலைய ஆட்டுன?"

அவர்கள் போய்விட்டார்கள். புகார், வழக்கு எதுவும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து நான் ராஜபாளையத்துக்கு வேலை மாறினேன்.

ஜெயபாய்க்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். விண்ணப்பத்தில் சு. கனகலட்சுமி, கூமாப்பட்டி என்று இருந்தது. கூமாப்பட்டியிலிருந்து எத்தனையோ பேர் வருவார்கள். வயது இருபத்துமூன்று. நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு தென்காசியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கசங்காத சுடிதார். மடியில் இருந்த சான்றிதழ் உறையைக் கடைசி வரை கையை விட்டு எடுக்கவில்லை.

சதீஷ் ஆரம்பித்தார். "தென்காசியை ஏன் விட்டீங்க?"

"அம்மா ஊர்ல தனியா இருக்காங்க சார். ராஜபாளையம்னா தெனம் வீட்டுக்குப் போயிரலாம். அதுக்குத்தான்."

"கோயம்புத்தூர், சென்னைன்னா நல்ல வாய்ப்பெல்லாம் இருக்கே."

"கோயம்புத்தூர்ல ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க சார். இங்க கெடைக்கலன்னாத்தான் அங்க போகணும்."

இப்படி வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை. சதீஷ் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். டாக்டர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அவள் சரியாகச் சொன்னாள். பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன்.

அவள் மடியைப் பார்த்தாள். உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். கேள்வியை மறந்துவிட்டாளோ என்று டாக்டர் வாயைத் திறந்தபோது சொன்னாள்.

"அந்தம்மாகிட்ட கேக்கவே கூடாது மேடம்."

"பின்னே?"

"கைப்பட்டையப் பாக்கணும். ஃபைலப் பாக்கணும். ரெண்டும் இல்லன்னா ஊசி போடாம வெளிய வந்து டாக்டர்கிட்ட கேக்கணும். மனைவிகிட்ட நாம ஒரு பேரைச் சொல்லி இவர்தானான்னு கேட்டா அது அவங்க தலையில பாரத்தத் தூக்கி வைக்கிறது. நாளைக்கு ஏதாச்சும் ஆனா அவங்க சொன்னாங்கன்னு ஆயிரும்."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "ரொம்ப யோசிச்சு வச்சிருக்கீங்களேம்மா."

"எங்கம்மாவுக்கு நடந்துச்சு சார்."

எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். தந்தை பெயர், சுந்தரபாண்டியன், காலஞ்சென்றவர்.

அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். நர்சிங் ஹோம் பெயரைச் சொல்லவில்லை. "வேற பேஷன்ட் பேரைச் சொல்லி அந்த நர்சு கேட்டிருக்காங்க. மாரிச்சாமின்னு. எங்க தாத்தா பேரும் மாரிச்சாமி சார், அம்மாவுக்கு மாமனாரு. எங்க பக்கத்துல மாமனார் பேரையும் சொல்லமாட்டாங்க, யாராச்சும் சொன்னாக் கேட்டுட்டு நிமிந்து நிக்கவும் மாட்டாங்க. தலைய டக்குனு கீழ போட்டுருவாங்க. அம்மா அதத்தான் செஞ்சிருப்பான்னு நான் நெனைக்கேன். அவங்க ஆமான்னு எடுத்துக்கிட்டாங்க."

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஞாபகமில்லன்னு சொல்லுதா. ஆட்டியிருப்பேன் போலங்கா. பெரியப்பா அதுக்குப் பொறவு எங்க வீட்டு வாசல மிதிக்கல. சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கமாட்டாங்க. புருஷனக் கொன்னவன்னு நேராச் சொல்லமாட்டாங்க. ஆனா சொல்லுவாங்க."

சதீஷ் பேனாவை மூடித் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றியதைக் கேட்டார்.

"அப்போ நர்சுகள் மேல கோவம் இருக்கும்தானே. அப்புறம் ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு பண்ணதுக்குக் கோவம் இல்ல சார். மூனு வருஷம் படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டேன், தப்பு யாருக்கும் வரும். அதுக்குப் பொறவு எழுதிக் குடுத்தாங்க பாருங்க, அதுக்குத்தான். அத எழுதாம இருந்திருக்கலாம்."

அவள் வெளியே போன பிறகு டாக்டர், "நல்ல பொண்ணு" என்றார்.

சதீஷுக்குத் தயக்கம். "நல்ல பொண்ணுதான் சார். நாளைக்கு இங்க ஏதாச்சும் சின்னதா நடந்தா வெளிய போய்ப் பேசுற டைப். ஜெயபாயே போதும். என்ன மேடம்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே இடம்தான் காலியாக இருந்தது. நான் ஜெயபாய் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னிடம் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். கனகலட்சுமி என்றால், நியமன உத்தரவில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பால்ச்சாமி எடுத்துப்போன நகலில் இருந்த அதே கையெழுத்து. ஒருநாள் இல்லாவிட்டாலும் ஒருநாள் அவள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாள்.

"கனகலட்சுமி" என்றேன்.

உத்தரவு தட்டச்சாகி மறுநாள் என் மேஜைக்கு வந்தது. நான்கு நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். சதீஷ் இரண்டு முறை கேட்டார். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவளுக்கு வேலை கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். தினமும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு நல்லவளாக நடந்துகொண்டு, அப்படியே கழித்துவிடலாம் என்று. அந்த நினைப்பு வந்த அன்று மாலைதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்ட உத்தரவை ஒரு உறையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை கூடவே வந்தது. அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நேர்முகத் தேர்வுக்கு வரும் பெண்கள் அப்படித்தான் வருவார்கள் என்று தோன்றியது.

கூமாப்பட்டியில் வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சுந்தரபாண்டியன் வீடு என்றேன். "வெள்ளத்தாயி வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கையைக் காட்டினார்கள். அந்த அம்மா மாட்டுத் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஈரம். என்னைப் பார்த்ததும் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"வில்லிபுத்தூர் நர்சம்மா" என்றார். அது கேள்வி இல்லை.

"ஆமாக்கா."

"நரைச்சுப் போச்சே உங்களுக்கு."

"உங்களுக்கும்தான்."

"எனக்கு அந்த வருசமே நரைச்சிருச்சு."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார். நான் நாற்காலியை விட்டு இறங்கி எதிரில் உட்கார்ந்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"கனகா வத்ராப்புக்குப் போயிருக்கா. செத்த நேரத்துல வந்துருவா. அவளைத் தேடியா வந்தீக?"

"ரெண்டு பேரையும் தேடி. அவ வேலைக்கு வந்த ஆஸ்பத்திரியிலதான் நான் இருக்கேன். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது."

அவர் மாட்டைப் பார்த்தார். மாடு தொட்டிக்குள் மூக்கை விட்டுச் சத்தமாகக் குடித்துக்கொண்டிருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கால்மாட்டில் ஃபைல் இருந்தது, அதை நீங்கள் சரியாக மாட்டியிருந்தீர்கள், நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இது நடந்திருக்காது, எழுதியபோது அதை விட்டுவிட்டேன். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தது அவ்வளவுதான்.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மாடு குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தும் வரை அப்படியே இருந்தார்.

"அது கெடக்கட்டும். எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "நான் தலைய ஆட்டுனேனா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன் தாயி. வரமாட்டேங்கு. நீங்க வந்தது நெனப்பிருக்கு. ட்ரேயில பஞ்சு இருந்தது நெனப்பிருக்கு. அது மட்டும் இல்ல. அவிய மயக்கத்துல கெடந்தாக. அந்த எடத்துல முழிச்சிருந்தது நீங்களும் நானுந்தான். பாத்தது நீங்க ஒரு ஆளுதான்."

இந்த ஒரு பதிலையும் பேருந்திலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "நீங்க ஆட்டலக்கா. தலையக் குனிஞ்சீங்க. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஏதோ இளகுவது போல இருந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"அன்னைக்கு ஆட்டுனான்னு எழுதுனீக."

"ஆமா."

"இன்னைக்கு ஆட்டலைங்கீக. ரெண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லுதீக. நான் எத எடுத்துக்கிட?"

அவர் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எனக்கு ஞாபகமில்லக்கா" என்றேன்.

"இதுதான் நெசம் போல" என்றார். சேலையில் ஒட்டியிருந்த தவிட்டுத் தூளை விரலால் எடுத்து எடுத்துக் கீழே போட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க இருக்கீகன்னு தெரியாட்டாலும், எங்கயோ ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, அப்படின்னு. இப்ப அதுவும் இல்ல."

கனகலட்சுமி வந்தபோது நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என்னைப் பார்த்ததும் பதறி, "மேடம், தரையிலயா உக்காந்திருக்கீங்க?" என்றாள். மகிழ்ச்சியாகத்தான் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"இவியதான் கனகா" என்றார் வெள்ளத்தாய்.

"எவிய?"

"வில்லிபுத்தூர் நர்சம்மா."

அவள் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் இருந்த பையை மெதுவாகச் சுவரோரம் வைத்தாள். நான் எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். ஃபைலைப் பற்றி, எழுதியதைப் பற்றி, ஞாபகமில்லை என்பதைப் பற்றியும். உத்தரவு இருந்த உறையை நீட்டினேன். அவள் வாங்கிப் பிரித்து, அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தாள்.

"ஒன்னு கேக்கலாமா மேடம்?"

"கேளும்மா."

"அந்தக் கேள்விய எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?"

"ஆமா. ஏழெட்டு வருஷமா."

"எதுக்கு? பதில்தான் உங்களுக்குத் தெரியுமே."

நான் யோசித்தேன். நல்ல நர்சைத் தேர்ந்தெடுக்க என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவங்களும் தப்பாச் சொல்லட்டும்னா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொருத்தரும் தப்பாச் சொல்லச் சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்ல."

அதற்கு நான் இல்லை என்று சொல்லவில்லை.

உறையை அவள் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு உள்ளே போய் ஒரு நோட்டில் இருந்து தாள் கிழித்துக்கொண்டு வந்தாள். பேனாவும் கொடுத்தாள்.

"ஃபைலப் பாக்கலன்னு எழுதுங்க. அம்மா தலையப் பத்தி ஒன்னும் எழுத வேண்டாம். பெரியப்பா வீடு அடுத்த தெரு. நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

எழுதினேன். இந்த முறை யாரும் வார்த்தை சொல்லித் தரவில்லை. பால்ச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். முன்பு போலவே இரண்டு முறை.

"இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா" என்றார்.

"எழுதியிருக்கலாம்."

"நான் அவள நடு வராந்தாவுல வச்சு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் சற்று நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

கனகலட்சுமி எங்கள் மருத்துவமனையில் சேரவில்லை. சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் உத்தரவு தபாலில் திரும்பி வந்தது. கூட ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அவள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாளாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறாள். வெள்ளத்தாய் கூமாப்பட்டியில் தனியாக இருக்கிறார். மாட்டை விற்றுவிட்டார். பால்ச்சாமி தை மாதம் ஒருநாள் வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். பங்குனியில் இறந்துபோனார். வ. புதுப்பட்டி மாரிச்சாமி ஒரு காலை எடுத்த பிறகும் நன்றாக இருக்கிறார். பழைய நர்சிங் ஹோம் டாக்டர் சென்னையில் மகனோடு இருக்கிறார். காலியாக இருந்த இடத்துக்கு ஜெயபாயை எடுத்தோம், அவர் வேலையைக் கவனமாகத்தான் செய்கிறார். நடந்ததை எல்லாம் எழுதி டாக்டர் ஹரிப்ரசாத்திடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வைகாசியில் வேலையை விட்டேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறேன்.